ஏழு வேலை நாளா, ஐந்து நாளா? காரைக்குடியில் ஒரு வங்கியின் புகார் சேவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டுதான் கொடுக்கிறேன். போன பணம் திரும்ப வந்தது, நஷ்ட ஈடும் வந்தது, கவுண்டரில் இருந்த மேடம் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் இரண்டுதான். புகார் வந்தால் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதே வேலையாக உள்ள ஒரு மேசை, அந்த நாளைத் தப்பாக எண்ணுகிறது. 2024 பொங்கல் விடுமுறையில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் அதே கிளையில் புகார் கொடுத்தோம். இரண்டிலும் எண்ணிக்கை தப்பு, இரண்டு தப்பும் வாடிக்கையாளருக்குத்தான் பாதகம். வங்கியின் பெயரை எழுதப் போவதில்லை, எழுதினால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் இந்த நாள் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

நடந்தது இது. ஜனவரி 12, வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆத்தா வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறார். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம். பொங்கல் நேரத்தில் ஆர்டர் குவியும், கூட நான்கு பெண்கள் வேலைக்கு வருவார்கள், போகிக்கு முன்னால் அவர்கள் கூலியைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது ஆத்தாவின் பிடிவாதம். எங்கள் வங்கியின் ஏ.டி.எம்.மில் பணம் தீர்ந்துபோயிருந்தது, அதனால் கல்லுக்கட்டிப் பக்கம் இருந்த இன்னொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டு 10,000 ரூபாய் கேட்டேன். எந்திரம் உள்ளே நோட்டு எண்ணுகிற சத்தம் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது, பணம் வரவில்லை. மொபைலில் மட்டும் 10,000 எடுக்கப்பட்டது என்று எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பக்கத்து மளிகைக் கடை அண்ணனிடம் கைமாத்து வாங்கிக் கூலியைக் கொடுத்தோம்.

மறுநாள் காலையில் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். இருபது நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஒருவர் எடுத்தார், நிதானமாகப் பேசினார், புகார் எண் கொடுத்தார். இது வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில், "சார், ஏழு வேலை நாள் ஆகும், இப்போ தொடர்ந்து லீவு வருது, அதனால கொஞ்சம் லேட் ஆகும்" என்றார். அப்போது நானும் சரி என்று வைத்துவிட்டேன். லீவு வருகிறது என்பது உண்மைதானே. 13 இரண்டாம் சனிக்கிழமை, 14 ஞாயிறு, 15 பொங்கல், 16 மாட்டுப் பொங்கல், 17 உழவர் திருநாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டிய கிளை 18-ஆம் தேதி வியாழக்கிழமைதான் திறந்தது. திறந்த அன்றைக்கே எழுத்தில் ஒரு புகார் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டர் பக்கத்துச் சுவரில், ஏ.டி.எம். புகார்கள் 7 வேலை நாட்களில் தீர்க்கப்படும் என்று தட்டச்சு செய்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேடம் அதைக் காட்டி, "உங்க லெட்டர் தேதியிலிருந்து ஏழு நாள் சார்" என்றார்.

தப்பு அந்தத் தாளில்தான் இருக்கிறது.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது, அந்த வருடம் அக்டோபர் 15 முதல் நடைமுறை. தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்கு எத்தனை நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு எவ்வளவு நஷ்ட ஈடு என்று எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கொண்டுவந்தார்கள். கணக்கில் பணம் கழிந்து ஏ.டி.எம். பணம் தராவிட்டால் கெடு டி கூட்டல் 5. டி என்றால் பரிவர்த்தனை நடந்த நாள், அது காலண்டர் தேதி என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. வேலை நாள் என்ற பேச்சே இல்லை. புகார் கொடுத்த நாள் என்ற பேச்சும் இல்லை. நாம் புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும், தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், அதையும் வாடிக்கையாளர் கேட்கும் வரை காத்திராமல் தானாகவே கணக்கில் போட வேண்டும். எனக்கு டி என்பது ஜனவரி 12. அதோடு ஐந்து கூட்டினால் 17. கிளைக் கதவு திறப்பதற்கு முன்னாலேயே கெடு முடிந்துவிட்டது! நான் கடிதம் கொண்டுபோன 18-ஆம் தேதியே நஷ்ட ஈட்டின் முதல் நாள். அந்த நாளை மேடம் ஏழு நாள் கணக்கின் தொடக்கமாக வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன், அவர் சொந்தமாகக் கட்டியது இல்லை. 2009-இல் ரிசர்வ் வங்கி போட்ட கெடு, புகாரிலிருந்து 12 வேலை நாள். 2011 ஜூலை முதல் அதை 7 வேலை நாளாகக் குறைத்தார்கள், 30 நாளுக்குள் புகார் கொடுத்திருந்தால்தான் நஷ்ட ஈடு என்ற நிபந்தனையும் இருந்தது. 2019-இல் எண்ணும் முறையே மாறியது. புகார் நாளிலிருந்து எண்ணியது போய், பணம் கழிந்த நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். சுவரில் இருந்த தாள் 2011-இலேயே நின்றுவிட்டது. நான் போனது 2024-இல்.

லீவு நாளில் யார் சார் பார்ப்பாங்க என்று சிலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். இதை ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை என்பதுதான் பதில். ஏ.டி.எம். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் என்ன நடந்தது, நோட்டு வெளியே போனதா இல்லையா என்று தன் மின்னணுப் பதிவில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு வங்கியின் கார்டை இன்னொரு வங்கியின் எந்திரத்தில் போட்டால் கணக்கு தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) வலையமைப்பு வழியாகப் போகிறது, இரண்டு வங்கிக்கும் நடுவில் ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கேயே நடக்கிறது. எந்திரத்தில் இருக்கும் பணத்தை எண்ணும்போது கணக்கைவிட 10,000 கூடுதலாக இருந்தால் அது யாருடையது என்பதும் அந்தப் பதிவிலேயே தெரிந்துவிடும். காலண்டர் நாளை அளவாக வைத்ததற்கு இந்த வேலைமுறை பொருந்தித்தான் வருகிறது.

பணம் 24-ஆம் தேதி புதன்கிழமை திரும்பி வந்தது. 17 போய் 24, ஏழு நாள் தாமதம், 700 ரூபாய் நஷ்ட ஈடு வர வேண்டும். கணக்கில் 10,000 மட்டும்தான் இருந்தது. கேட்டதற்கு, 18-ஆம் தேதிக் கடிதத்திலிருந்து 24 ஐந்தாவது வேலை நாள், ஏழுக்குள் முடித்துவிட்டோம், எனவே நஷ்ட ஈடு இல்லை என்றார்கள். நான் போன் செய்த 13-ஆம் தேதியையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படிப் பார்த்தாலும் ஆறாவது வேலை நாள்தான் சார் என்றார். அவர் எண்ணியது அந்தத் தாளின்படி சரியாகவே இருந்தது. எண்ணத் தெரியாதவர் இல்லை, எண்ணும் விதி பழையது.

எங்கள் ஐயா சின்ன வயதில் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக இருந்து கணக்குப் பழகி வந்தவர். இந்தக் கதையைக் கேட்டிருந்தால் மனிதர் தூங்கியிருக்க மாட்டார். வட்டிச் சிட்டையை விரித்து வைத்துக்கொண்டு எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது அவர் முதலில் கேட்பது வட்டி விகிதத்தை இல்லை, "எந்த நாள்ல இருந்து எண்ணுற?" என்பதைத்தான். கொடுத்த நாளைச் சேர்த்தால் வாங்கிய நாளை விட வேண்டும், இரண்டையும் சேர்த்தால் ஒரு நாள் வட்டி அநியாயமாக வாங்கியது ஆகும், இரண்டையும் விட்டால் முதலாளிக்கு நட்டம். பேரேட்டில் ஒரு நாள் பிசகினால் ஐந்தொகையில், அதாவது வரவு செலவு முடிக்கும் கணக்கில், வந்து நிற்கும் என்பார். 1937 பிப்ரவரி 10-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரில் ஒரே நேரத்தில் தொடங்கிய மண் இது. (என் புகாருக்கும் அந்த வங்கிக்கும் சம்பந்தம் இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) இங்கே நாள் கணக்கை மேம்போக்காகச் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, இரண்டாவது புகாருக்கு வருகிறேன், இதுதான் பெரியது. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டு ஆச்சி தனியாக இருக்கிறார். அதே 12-ஆம் தேதி இரவு அவருடைய டெபிட் கார்டிலிருந்து யாரோ ஆன்லைனில் 18,400 ரூபாய்க்கு ஏதோ வாங்கியிருக்கிறார்கள். ஆச்சி யாருக்கும் ஓ.டி.பி. சொல்லவில்லை, கார்டு அலமாரியில் இருந்தது. எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது, அவர் பார்க்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு வந்த பேரன்தான் 16-ஆம் தேதி போனை வாங்கிப் பார்த்துவிட்டுப் பதறி, அப்போதே கூப்பிட்டுக் கார்டை முடக்கிப் புகார் எண்ணும் வாங்கினான். 18-ஆம் தேதி நானும் ஆச்சியும் ஒன்றாகத்தான் கிளைக்குப் போனோம். அங்கே, "பாட்டி, மூணு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும், நீங்க நாலாவது நாள் சொல்லியிருக்கீங்க, பத்தாயிரம் வரைக்கும் உங்க பொறுப்பு" என்றார்கள். ஆச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது.

இதற்கான விதி வேறு, 2017 ஜூலை 6-இல் வந்த சுற்றறிக்கை. வங்கியின் மேலும் குற்றமில்லை, வாடிக்கையாளர் மேலும் குற்றமில்லை, நடுவில் எங்கோ கோளாறு என்றால், தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு வரம்பு வரை பொறுப்பு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000. ஏழும் தாண்டிவிட்டால் அந்த வங்கியின் நிர்வாகக் குழு வகுத்த கொள்கைப்படி. இங்கே எண்ண வேண்டியது வேலை நாள், அதுவும் நம் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள், தகவல் வந்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். இது அப்படியே ஐயாவின் கணக்குதான். 12-ஐ விடு. 13 முதல் 17 வரை கிளை பூட்டியிருந்தது. முதல் வேலை நாள் 18, இரண்டாவது 19, மூன்றாவது 20-ஆம் தேதி, அது மூன்றாம் சனிக்கிழமை, வங்கி உண்டு. ஆச்சி 16-ஆம் தேதியே சொல்லிவிட்டார், எண்ணிக்கை ஒன்றுகூட ஆரம்பிக்கவில்லை!

பாருங்கள், காலண்டர் நாளாக எண்ண வேண்டிய என் புகாரில் வேலை நாளாக எண்ணினார்கள், வேலை நாளாக எண்ண வேண்டிய ஆச்சியின் புகாரில் காலண்டர் நாளாக எண்ணினார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த மேடம் அப்படிப்பட்டவரும் இல்லை. இரண்டு சுற்றறிக்கையும் ஒரே தலைக்குள் கலந்துபோயிருக்கிறது. ஆனால் இரண்டையும் எழுதியவர்கள் ஒரே எண்ணத்தோடு எழுதியிருக்கிறார்கள்: வங்கி செய்ய வேண்டிய வேலைக்கு விடுமுறையைக் காரணம் காட்டக் கூடாது, வாடிக்கையாளர் செய்ய வேண்டியதற்கு விடுமுறை குறுக்கே வரக் கூடாது. அந்த ஒன்றை மனதில் வைத்தால் இரண்டும் குழம்பவே குழம்பாது. அப்புறம், யார் மேல் தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதுதான், 2017 விதியிலேயே இருக்கிறது. ஆச்சி தன் கார்டு அலமாரியில்தான் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஓ.டி.பி.யை நாமே யாருக்காவது சொல்லியிருந்தால் கதை வேறு. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆகும் நஷ்டம் நம் தலையில், தெரிவித்த பிறகு ஆவது வங்கியின் தலையில்.

ஆச்சிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதே 2017 விதிப்படி, தகவல் கொடுத்ததிலிருந்து 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் பணம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பணம் போன தேதியையே போட்டு வைக்க வேண்டும், வட்டி ஒரு நாளும் குறையக் கூடாது. 18, 19, 20, பிறகு 22, 23, 24, ஆறு ஆயிற்று. 25 தைப்பூசம், எங்கள் தெருவில் பாதிப் பேர் காவடியோடு பழநிக்கு நடந்து போயிருந்தார்கள். 26 குடியரசு நாள், 27 நாலாம் சனி, 28 ஞாயிறு. பிறகு 29, 30, 31, பிப்ரவரி 1. பத்து. 16-ஆம் தேதியிலிருந்து பார்த்தால் பத்து வேலை நாளுக்குப் பதினாறு நாள் ஓடிவிட்டது. ஜனவரி 31-ஆம் தேதியே 18,400 வந்துவிட்டது, ஒரு நாள் முன்னால். இதை மனதாரப் பாராட்டுகிறேன், இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று இதற்காகத்தான். இன்னொன்று அந்த மேடத்துக்கு. நான் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போனபோது அதைத் தள்ளிவைக்காமல் ஒவ்வொரு வரியாகப் படித்து, "எங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுக்கல சார், நான் மேல அனுப்புறேன்" என்றார், சொன்னபடி அனுப்பவும் செய்தார்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது அங்கேயும் இதே இரட்டைக் கணக்குதான் என்றான். அங்கே 1978-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குமுறை ஈ என்று ஒன்று இருக்கிறது. கணக்கில் தவறு என்று சொன்னால் 10 வேலை நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும், முடியாவிட்டால் தற்காலிகமாகப் பணத்தைக் கணக்கில் வைத்துவிட்டு 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். பத்து என்பது வேலை நாள், நாற்பத்தைந்து என்பது காலண்டர் நாள். வாயால் சொன்னாலே போதும், கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். ஸ்டேட்மெண்ட் அனுப்பிய 60 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது வாடிக்கையாளர் பக்கத்துக் கெடு.

என் 700 ரூபாய்க்கு வருகிறேன். தொகை சின்னதுதான், இரண்டு கிலோ அதிரசம்கூட வராது, ஆனால் விட மனமில்லை. ஜனவரி 29-ஆம் தேதி வங்கியின் நோடல் அதிகாரிக்கு, அதாவது புகார்களைக் கவனிக்கும் மேல் அதிகாரிக்கு, மின்னஞ்சல் போட்டேன். டி எது, ஐந்து கூட்டினால் எது, பணம் வந்த நாள் எது, வித்தியாசம் எத்தனை என்று நான்கே வரி, சுற்றறிக்கைத் தேதி ஒரு வரி. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுக்க ஒரே திட்டமாக அது இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், விவரம் கேட்க 14448 என்ற எண்ணும் உண்டு. எனவே பிப்ரவரி 28-ஆம் தேதியைக் கடிதத்திலேயே குறிப்பிட்டேன். அதற்குத் தேவை வரவில்லை. 21-ஆம் தேதி 700 ரூபாய் கணக்கில் ஏறியது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, பாஸ்புக்கில் ஒரு வரி மட்டும்.

போன் சேவையைப் பற்றி: புகார் எண் உடனே கொடுக்கிறார்கள், எஸ்.எம்.எஸ்.ஸும் வருகிறது, அதை அழிக்காமல் வையுங்கள், ஆச்சியின் புகாரில் 16-ஆம் தேதி என்பதற்கு அதுதான் சாட்சி. செயலியில் புகார் பதியும் பகுதி இருக்கிறது, ஆனால் ஏ.டி.எம். எண்ணைப் போடாமல் அடுத்த பக்கத்துக்கே விடுவதில்லை, பணம் வராத எந்திரம் சீட்டு மட்டும் ஒழுங்காகக் கொடுக்கும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும். எஸ்.எம்.எஸ்.ஸில் எண் இருந்ததால் தப்பித்தேன். இன்னொரு வங்கியின் எந்திரம் என்றாலும் புகாரை நம் கார்டு எந்த வங்கியோ அங்கேதான் கொடுக்க வேண்டும், அலைய வேண்டாம். பலகாரம் வாங்குபவர்கள் ஆத்தாவுக்கு யு.பி.ஐ.யில் அனுப்பும் பணமும் சில நேரம் நடுவில் நின்றுவிடுகிறது. ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் கெடு டி கூட்டல் 1, கடைக்குக் கட்டியது என்றால் டி கூட்டல் 5, அதற்கு மேல் இங்கேயும் நாளுக்கு 100. ஐ.எம்.பி.எஸ். என்ற உடனடிப் பணமாற்றம் என்றாலும் டி கூட்டல் 1. கடையில் கார்டு தேய்த்தது என்றால் 5.

ஆச்சியின் புகாரை 90 நாளுக்குள் முடித்தாக வேண்டும். வேலை நாள் இல்லை, வெறும் 90 நாள், 2024-இல் பிப்ரவரிக்கு 29 நாள் என்பதையும் சேர்த்து எண்ணினால் ஏப்ரல் 15. ஏப்ரல் முதல் வாரத்திலேயே, விசாரணை முடிந்தது, தற்காலிகமாக வைத்த தொகை இனி நிரந்தரம் என்று ஆச்சிக்குக் கடிதம் வந்துவிட்டது. அதைப் பூஜை அறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

போன வாரம் பாஸ்புக் போடப் போயிருந்தேன். மேடம் மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். சுவரில் அதே தாள், அதே 7 வேலை நாட்கள். தம்பியிடம் சொன்னேன், மேனேஜரிடம் கேட்கிறேன் என்றார். அந்தத் தாள் மாறிய அன்றைக்கு மூன்றாவது நட்சத்திரத்தைப் போட்டுவிடுகிறேன்.